தராசுக்குக் கீழே

செவ்வாய் காலை, முரசுமோட்டை.
சங்கத்தின் நெல் காயவிடும் தளத்தைத் திறந்தால்
நடுவில் ஒரு கறுப்பு,
ஒரு பாய் விரித்த அளவு,
விளிம்பில் மயில்கழுத்து நிறம் மினுங்கிக்கொண்டு.
இரவு, சேற்றில் புதையாமல் நிற்க
இடம் தேடிய வெட்டு மிசின்
ஆருக்கும் சொல்லாமல் பெய்துவிட்டுப் போயிருக்கிறது.

"என்ர மிசினில லீக் இல்லையக்கா,
அது ஆற்றையோ லாண்ட்மாஸ்டர்"
என்றான் கேதாரநாதன், போனில்.
குனிந்து தொட்டுப் பார்த்தேன்.
ஒரு ஓரம் டீசல்: மெல்லிசு, மூக்கில் ஏறும்.
மற்ற ஓரம் ஹைட்ரோலிக் எண்ணெய்,
விரலிடையில் வழுக்கித் தேன்போல் இழுபடும்.
லாண்ட்மாஸ்டருக்கு அந்த இரண்டாவது நோய் வராது.
சொன்னேன்.
மறுமுனையில் கொஞ்சநேரம்
ரேடியோ மட்டும் பாடியது.

வியாழன் மூன்று பேரின் நெல் வருகுது, ஈர நெல்.
டீசல் மணக்கும் நெல்லை
ஆலைக்காரன் கையிலெடுத்து முகர்ந்து
ஒன்றும் பேசாமல் கீழே போடுவான்.
அந்தப் பேசாமையை எனக்குத் தெரியும்.

"தண்ணியை அடிச்சு விடுங்கோ" என்றார் காவலாளி.
அடித்தால் வாய்க்காலுக்குப் போகும்,
வாய்க்கால் மரியநாயகத்தின் கத்தரிப் பாத்திக்கு.
"பெற்றோல் ஊத்தித் துடையுங்கோ" என்றான் இன்னொருத்தன்.
கியூஆரைக் காட்டிக்கொண்டு பரந்தன் சந்தியில்
இரண்டு இரவு வரிசையில் படுத்தவள் நான்.
நிலத்தில் ஊற்ற என் கை எழும்பாது.
இந்தக் கறையிலேயே மூன்று லீற்றர் இருக்கும்;
அந்த வருசமென்றால்
பழந்துணியில் தோய்த்து
பிழிந்து திரும்ப எடுத்திருப்பேன்.

ஆலையில் இரண்டு சாக்கு உமி கேட்டு வாங்கினேன்.
கொட்டி, தும்புத்தடியால் பரவி,
செருப்புக் காலால் மிதித்தேன்.
பொன்னிறம் ஓரத்திலிருந்து கருகியது
நெருப்பில்லாமல்.
மத்தியானம் அள்ளிப் புதுசு போட்டு,
பின்னேரம் அள்ளித் திரும்பவும்.
நெல்லுக்கு வந்த கேட்டை
நெல்லின் தோலே குடித்தது
என்று எழுதினால் அழகாயிருக்கும்.
குடித்தது பாதிதான்.

புதன், சவர்க்காரத்தூளைக் கொதிதண்ணியில் குழைத்து
களிபோல் அப்பி, சாக்கால் மூடி,
நாலு மூலையிலும் கல் வைத்து விட்டேன்.
வியாழன் விடிய முன்
தும்புக்கட்டையால் தேய்த்துத் தேய்த்து
(கழுவின தண்ணி ஓடாமல் உமியால் அணை கட்டி,
வாளியில் அள்ளி)
வெளிச்சம் வர, சீமெந்து தன் நிறத்துக்கு வந்தது.

அப்போதுதான் கண்டேன்.
கால்தடங்கள். நாய்.
ஏழு, எட்டாவது பாதி.

பத்து வருசம் இந்தத் தளத்தில் நடக்கிறேன்,
இருந்தது தெரியாது.
பள்ளம் ஒரு நகத்தின் ஆழம்தான்.
எண்ணெய் தேடிப்போய் அதற்குள் குந்தியிருக்கிறது.
ஈரச் சீமெந்தில் ஏறி
நடுவரை நடந்து வந்ததை
மேசன் கத்தியிருப்பான், கல்லும் எறிந்திருப்பான்.
அது வந்த வழியே திரும்பவில்லை.
எட்டாவதுக்குப் பிறகு நிலம் வெறுமை.

கேதாரநாதன் வந்தான்
கையில் ஒரு தகரத் தட்டோடு,
இனி மிசினுக்குக் கீழே வைக்கவாம்.
மன்னிப்பு என்ற சொல் வரவில்லை.
ஆனால் தட்டு பெரிது.

ஆறு தடம் போய்விட்டது.
இரண்டு விடவில்லை,
பல்லுத்தீட்டும் பிரஷ்ஷால் குடைந்தும்.
வெயில் ஏறித் தளம் காய்ந்தது.
பத்து மணிக்கு முதல் உழவு மிசின்
வாசலில் கோர்ன் அடித்தது.
மேடைத் தராசை இழுத்து
அந்த இரண்டுக்கும் மேல் வைத்தேன்.

முதல் மூட்டை ஏறியது.
முள் ஆடி ஆடி நின்றது.
"சரியோ பிள்ளை?" என்றார் நெல்லுக்காரர்.
சரி என்று எழுதினேன்.
கீழே ஒரு நாயும் நிற்கிறது,
எடையில் அதற்குப் பங்கில்லை.