நண்பகல் அறிக்கை

கப்பலில் நண்பகல் என்றால்
இங்கே ஆரியகுளத்தடியில் சில நாள் பின்னேரம் நாலு மணி,
சில நாள் விடியப்புறம்.
பழைய நகைக்கடையின் மேல்மாடி.
ஏழு கணினி, ஒரு ஏசி, அது வேலைசெய்யாது.
கப்பல்களுக்கு எங்களிடம் பெயரில்லை.
ஏழு இலக்கம். எத்தனை கடல்மைல். எத்தனை தொன் எண்ணெய்.
நான் பெருக்குவேன்:
மூன்று புள்ளி ஒன்று ஒன்று நான்கு.

ஒரு தொன்னை எரித்தால் மூன்று தொன் புகை.
எரிந்து முடிந்த பிறகும் பாரம் கூடுகிற பொருளை
வேறெங்கும் நான் கண்டதில்லை,
கடனைத் தவிர.

பருத்தித்துறை வெளிச்சவீட்டடியில் நின்று பார்த்தாலும்
இந்தக் கப்பல்கள் தெரியா.
தெய்வேந்திரமுனைக்குக் கீழால் போகின்றன.
கொடி பனாமா, முதலாளி கிரேக்கன், எண்ணெய் சிங்கப்பூர்,
சமையற்காரன் பிலிப்பைன்ஸ்.
புகை மட்டும் எந்த நாட்டுக் கணக்கிலும் ஏறாது.
நடுக்கடலில் விட்ட மூச்சுக்கு ஊர் இல்லை.

எங்கள் மூச்சுக்கு இருந்தது.
அந்த வருடம் குருநகரில்
மண்ணெண்ணெய்க் கானோடு வரிசையில் படுத்துக் கிடந்தோம்.
அண்ணனின் படகுக்கு லீற்றர் லீற்றராய் அளந்து
கொப்பியில் கையெழுத்தும் வாங்கினார்கள்.

போன ஐப்பசியில் லண்டனில் கூடினார்கள், புகைக்கு விலை வைக்க.
ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டு எழும்பிப் போனார்கள்.
"அப்ப எங்களுக்கு வேலை இருக்குமோ?" என்றாள் தர்ஷிகா.
இருந்தது. பழைய விதி இருந்தது:
வருடக்கடைசியில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு எழுத்து,
ஏ முதல் ஈ வரை, பள்ளிக்கூட றிப்போட் மாதிரி.

செவ்வாய்க்கிழமை ஒரு இலக்கம் வந்தது.
அமலதாஸ் ஏறிப்போன அன்று
கலண்டரின் பின்பக்கம் எழுதிவைத்த அதே ஏழு.
அறிக்கை முப்பத்தொரு தொன் என்றது.
தாங்கி அளவுகளைக் கழித்தேன். முப்பத்தைந்து.
முகம் கழுவிவிட்டு வந்து பிறகும் கழித்தேன்.
முந்தின நாட்களைத் திறந்தேன்,
ஒவ்வொரு நாளும் அதே நாலு தொன்
எங்கேயோ ஒளிந்திருந்தது.

சிவப்பு அடித்தால் கப்பல் டிக்கு இறங்கும்.
இறங்கினால் வேகத்தைக் குறைக்கச் சொல்வார்கள்.
றொட்டர்டாம் ஒன்பது நாள் பிந்தும்.
மகளின் முதல் நற்கருணை இருபத்தொன்பதாம் திகதி,
வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தாயிற்று.

வேலை ஒப்பந்தத்தில் ஒரு பத்தி இருக்கிறது:
உறவினர் இருக்கிற கப்பல் என்றால் சொல்லவேண்டும்.
சொன்னால் தர்ஷிகாவின் மேசைக்குப் போகும்.
அவளும் கழிக்கத் தெரிந்தவள்.
சொல்லவில்லை.
கறண்ட் போய், கீழே ஜெனரேற்றர் உறுமி,
திரை திரும்ப வெளித்தபோது
அந்தப் பெட்டி இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

அடித்தேன்.

ஞாயிறு இரவு அழைத்தார்.
பின்னால் எஞ்சின் சத்தம் குறைந்திருந்தது, கவனித்தேன்.
"எவனோ ஒருத்தன் கரையில குந்தியிருந்து
சிவப்பு அடிச்சிருக்கிறான். மாட்டுவண்டில் மாதிரி ஊருறம்.
பிள்ளையிட்ட நீ சொல்லு, என்னால ஏலாது."
"ஒருத்தியாயும் இருக்கலாம்," என்றேன்.

அந்த இடத்தில் சிக்னல் அறுந்தது,
அல்லது அவர் பேசாமல் இருந்தார்.
மகள் சட்டையைப் போட்டுக்கொண்டு
கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.
நீளம் கூட. இரண்டு விரல்கடை மடித்துத் தைக்கவேண்டும்.