விரல் எண்ணும் தூரம்

கப்பலைக் கட்டிய வடம் அறுந்ததை
நான் பார்க்கவில்லை.
பார்த்த கண் சாட்சி சொல்லும் நிலையில் இல்லை.
க்ளைபேடா துறைமுகத்தில் அன்று பனியும் இல்லை, காற்றும் இல்லை.
காரணம் காட்ட எதுவுமற்ற ஒரு செவ்வாய்க்கிழமை.

கௌனாஸ் மருத்துவமனையில்
டாக்டர் மில்டா காகிதத்தில் ஒரு வட்டம் போட்டார்.
முன்னால் ஜன்னல் உடைந்திருக்கிறது.
பின்னால் திரை அவிழ்ந்து விழுந்திருக்கிறது.
திரையைச் சரிசெய்ய ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும்,
ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை, ரத்தம்.

ஆகவே முதலில் ஒரு பிளாஸ்டிக் ஜன்னல்,
இரண்டு மணி நேர வாடகைக்கு.
அதன் வழியே பார்த்தது நான் அல்ல, அவர்.
நாற்பத்தொரு வருடம் குடியிருந்தும்
நான் ஒருநாளும் நுழையாத அறைக்குள்
விளக்குப் பிடித்துப் போனார்.
திரையை நீவி விரித்தார்,
ஓரங்களை லேசரால் சுட்டார்,
மறுபடி சரியாதிருக்க எண்ணெய் நிரப்பினார்.
பிறகு பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு
யாரோ ஒருவரின் கருவிழிப் படலத்தை வைத்துத் தைத்தார்.
பதினாறு தையல்.

யாருடையது என்று கேட்டேன். சொல்லக் கூடாதாம்.
வயது மட்டும் ஒரு நர்ஸ் வாய்தவறிச் சொன்னாள்: எழுபத்தொன்று.
என்னைவிட முப்பது குளிர்காலம் அதிகம் பார்த்த ஜன்னல்.

பத்து நாள் குப்புறக் கிடந்தேன்.
மிஞ்சிய கண்ணுக்கு மனிதர்கள் காலணிகள் ஆனார்கள்.
சாப்பாட்டு வண்டிக்காரி: பச்சை ரப்பர் செருப்பு, இடது குதிகால் தேய்ந்தது.
பக்கத்துக் கட்டில் ஸெனோனாஸ்: தூங்கும்போதும் பூட்ஸ்,
கழற்றினால் திருடிவிடுவார்களாம்.
வைவா: சேறு காயாத பழுப்பு பூட்ஸ், விடியற்காலை பஸ்.
அவள் ஒன்றும் பேசவில்லை.
தரையில் உட்கார்ந்தாள், மல்லாந்து படுத்தாள்,
என் முகத்துக்கு நேர் கீழே
தன் முகத்தை நகர்த்தி வைத்தாள்.
நர்ஸ் திட்டினாள். எழுந்துகொள்ளவில்லை.

பிறகு முடிவுகள்.
முதல் வாரம், வெளிச்சம் உண்டு; எந்தப் பக்கம், தெரியாது.
மூன்றாம் வாரம், கை அசைகிறது.
அப்புறம் விரல்கள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.
மில்டா எப்போதும் இரண்டில் தொடங்குவார்,
அடுத்தது நான்கு, கடைசியாக ஒன்று.
நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு
பார்க்காமலே மூன்று பரிசோதனை தேறினேன்.
வைவா கேக் வாங்கினாள், செர்ரி வைத்தது.

நான்காம் மாதம் மில்டாவுக்குக் காய்ச்சல்.
அவர் நாற்காலியில் குரல் உடையாத ஓர் இளைஞன்.
"எத்தனை?" "இரண்டு."
"இப்போது?" "நான்கு."
பேனாவை மூடும் சத்தம் கேட்டது.
"ஐயா, நான் இன்னும் கையையே தூக்கவில்லை."

நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தான்.
இன்னும் கிட்டே.
கொதிக்கும் கெண்டிக்கு அப்பால் நிற்பதுபோல் ஏதோ நின்றது,
நடுநடுவே வெளிச்சம் புகுந்து வந்தது.
வெளிச்சத்தைத்தான் எண்ணினேன். இரண்டு இடுக்கு.
"மூன்று."
முதல்முறையாகக் கைகள் நடுங்கின.

எழுதிக் கொடுத்தான்:
விரல் எண்ணும் பார்வை, அரை மீட்டர்.
விழித்திரை ஒட்டியிருக்கிறது.
மாற்றுப் படலத்தின் ஓரம் மங்கத் தொடங்கியுள்ளது, கவனிக்க.
மே மாதம் எண்ணெயை எடுக்கலாமா என்று யோசிக்க.
இதற்கு அவர்கள் பட்டியலில் வெற்றி என்று பெயர்.
எனக்கு ஆட்சேபம் இல்லை.
விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பார்களே, சொற்பத்தை,
அந்தச் சொற்பம் என்னிடம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து வைவாவிடம்
கேக் விஷயத்தைச் சொன்னேன்.
நெடுநேரம் பாத்திரம் கழுவினாள்.
பிறகு எதிரே வந்து உட்கார்ந்து,
ஈரக் கையால் என் நல்ல கண்ணை மூடி
மற்றக் கையைத் தூக்கினாள்.
"எத்தனை?"
ஜன்னல் பக்கம் அவளைத் திருப்பி உட்காரவைத்து
நிதானமாகப் பார்த்தேன்.
"நான்கு."
"சரி" என்றாள், கொஞ்சம் சீக்கிரமாகவே.

அவள் கையை விலக்கிச் சரிபார்த்திருக்கலாம்.
விலக்கவில்லை.
சொட்டு மருந்துக்கு நேரமாகிவிட்டது என்று
அவளே எழுந்து போனாள்.