ஏழாம் கேள்வி

ஊசிக்குழாய்கள் இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு.
ஒன்றில் லிக்னோகெயின். பல் பிடுங்குமுன்
ஈறில் குத்துவார்களே, அதேதான்.
மற்றதில் உப்புநீர்.
எது எதுவென்று எனக்குத் தெரியாது,
மயக்க டாக்டருக்கும் தெரியாது.
திருச்சூரில் ஓர் அலமாரிக்குள்
ஒட்டிய உறைக்குத் தெரியும்.

பாலக்காட்டுச் சித்தூரில் அன்றைக்கு
இரண்டு மார்பு அறுவை.
காலையில் கொழிஞ்சாம்பாறை தேவானை,
கள்ளு வண்டிக்கு லிட்டர் கணக்கு எழுதுகிறவர்.
மதியம் வடக்கஞ்சேரி கொச்சுத்ரேசியா.

நரம்பில் ஏறியது கத்திக்காக அல்ல,
கத்திக்கு வேறு மருந்து உண்டு.
லாரி எல்லை தாண்டி மாதங்கள் ஆகியும்
வேலந்தாவளம் சாவடியில் நின்று
விசில் ஊதிக்கொண்டே இருக்கும் ஒரு காவல்காரன்,
அவனை முதல் நாளே உட்காரவைக்க முடியுமா?
அவ்வளவுதான் எங்கள் ஆராய்ச்சி.

கண் விழித்த தேவானையிடம் கேட்டேன்:
உதடு மரக்குதா? வாயில இரும்பு ருசி? காதுல மணி?
"மணி கேக்குதுங் கண்ணு."
பதறிப்போய் மானிட்டரைப் பார்த்தேன்.
ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடம் விட்டிருந்தது.
இருந்தாலும் எழுதினேன்: மணி, பக்கத்தில் கேள்விக்குறி.

பிறகு ஃபோன்.
மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், இன்று வருடம்.
கொச்சுத்ரேசியா 'நீற்றல்' என்கிறார்.
எரிச்சல் என்று குறிக்கிறேன். எரிச்சல் அல்ல அது.
தண்ணீர் ஊற்றிய சுண்ணாம்புக்கல்
மேலே ஒன்றும் காட்டாமல் உள்ளே கொதிக்குமே, அது.

ஏழாம் கேள்வி: துணி பட்டால் வலிக்கிறதா?
புருஷனின் பழைய சட்டையை
தையல் வெளியே இருக்கும்படி
புரட்டிப் போட்டுத்தான் தூங்குகிறாராம்.
பத்துக்கு ஆறு.

தேவானை சிரிக்கிறார்.
"துணியா? கள்ளுப் பானை இடிச்சாலும் தெரியாதுங்க.
அதுக்கு எத்தன மார்க்கு?"
வலி இல்லேன்னா பூஜ்யம் அக்கா.
"பூஜ்யமே போடு. ஆனா அந்தப் பக்கம்
ஆளு எந்திரிச்சுப் போன கட்டிலாட்டம்
இருக்குதுன்னு எழுதிக்க."
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

உறை பிரிக்க இன்னும் பதினாலு மாதம்.
மனசுக்குள் பந்தயம் கட்டக்கூடாது என்று
பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.
பள்ளிக்கூட மணியிலேயே நான் கட்டிவிட்டேன்.
தோற்றாலும் தோற்கலாம்:
அந்தப் பூஜ்யம் வெறும் உப்புநீராக இருக்கலாம்,
இந்த ஆறு, மருந்து ஏறியும் அடங்காத ஆறாக இருக்கலாம்.

வைக்கப்போகும் நேரத்தில் கொச்சுத்ரேசியா கேட்டார்:
"எனிக்கு வெறும் வெள்ளமாயிருந்நோ, மோளே?"
அறியில்ல சேச்சி, என்றேன்.
உண்மைதான். ஒளிந்துகொள்ளவும்
அதில் இடம் இருந்தது.

அந்தப் பக்கம் மழையோ மின்விசிறியோ, ஏதோ ஓடியது.
எட்டாம் கேள்விக்குப் போனேன்:
ராத்திரி எத்தனை தடவை விழிக்கிறீர்கள்?