ஒன்னரை முட்டை

மூன்று முட்டை என்கிறது குறிப்பு.
மாவோ பாதிக்குத்தான் இருக்கிறது.
"அப்போ ஒன்னரை" என்றாள் லோஷினி.
தர்வின்
முட்டையை விளக்கில் பிடித்து
கோடு எங்கே போடுவதென்று
திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.

இரவு ஷிப்ட் கண்ணோடு
நான் வாய் திறக்கவில்லை.
செம்பனைக் குலை லாரி ஒன்று
ஜன்னலை உலுக்கிவிட்டு பீடோர் பக்கம் போனது.

அவனே உடைத்தான், கலக்கினான்,
கரண்டியால் எண்ணினான்: நாலு.
இரண்டு மாவுக்கு.
இரண்டு மைலோ மூடியில், நாளைக்கு.

பண்டான் கேக் பாதி உயரமே எழும்பியது.
"எட்டில் ஒன்றா, நாலில் ஒன்றா?"
"எட்டு!"
எட்டுதானே பெரிசு.

தன் தட்டைப் பார்த்தான்.
அக்கா தட்டைப் பார்த்தான்.
அழவில்லை.
கத்தியை எடுத்துக்கொண்டு கேட்டான்:
இதில் ஒட்டியிருக்கிறதே,
இது எத்தனையில் ஒன்று?