பதினேழாவது கட்டம்

நான் பியானோவைத் தொட்டதில்லை.
கண்டதும் ஒருமுறைதான்: பரந்தன் சந்தியில்
லொறியொன்றில், நாலு கயிற்றால் கட்டி
போர்வை மூடி
நோயாளியைக் கொண்டுபோவதுபோல்
யாழ்ப்பாணப் பக்கம் கொண்டுபோனார்கள்.

திரையில் எனக்கு அது பச்சைச் செங்கல்.
கட்டம் கட்டமாக, இடமிருந்து வலம்,
அவசரப்படாத ஒருவர் அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார்
நூறு வருடத்துக்கு முன்னம், பனி கொட்டும் ஏதோ ஊரில்.
இடக்கை ஒன்று, பிறகு இரண்டு.
ஒன்று, பிறகு இரண்டு.
வலக்கை வந்து சேர
நாலு கட்டம் பார்த்திருக்க வேண்டும்.

பார்த்திருக்க எனக்குத் தெரியும்.
காலை ஆறு மணிக்கு முகமாலையில்
கவசத்தை மாட்டி முழங்காலில் குந்தினால்
ஒரு மீற்றர் அகலம் மட்டும் என்னுடையது.
டிடெக்டர் மணலுக்கு மேலே
இடம் வலம், இடம் வலம்.
சோடா மூடிக்கும் கத்தும், கதவுப் பிணைச்சலுக்கும் கத்தும்.
எதற்குக் கத்தினாலும்
ஒரே மரியாதைதான் கொடுக்கவேணும்.
"ஒண்டும் கேக்காட்டி நல்ல நாள்," என்பாள் ஸ்ரெலா,
பக்கத்துப் பாதையில் வியர்வை வழிய.

இரவு, உருத்திரபுரத்தில், தகரக் கூரைக்குக் கீழே
லப்ரொப்பும் ஃபானும் ஒரே பிளக்கில்.
வேகத்தைக் குறைத்தேன்.
மேல் சுருதிகளை வடித்து விட்டேன்,
இறால் வடிக்கும் பறியால்போல.
எதிரொலிக்கு மென்பொருள் தந்தது
ஐரோப்பாவின் தேவாலயம் ஒன்று.
அவ்வளவு உயரத்துக்கு எங்களிடம் கூரை ஏது?
ஆகவே வெறுமையாய்க் கிடந்த நெற்களஞ்சியத்தில்
போனைப் பதிவில் வைத்துவிட்டு
ஒரு பலூனை உடைத்தேன்,
சுவர்கள் என்ன திருப்பிச் சொல்லுமென்று கேட்க.

சுவர்கள் நன்றாகத்தான் சொல்லின.
வாசலில் காவலாளி குப்புறப் படுத்திருந்தார்,
இரண்டு கையும் தலைக்கு மேலே.
எழும்பி, சாரத்தில் ஒட்டிய உமியைத் தட்டி,
தூசணத்தில் ஒரு சொல் பேசி,
பிறகு சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை. பலூனில் இன்னும் ஆறு மிச்சம்.
வீட்டுக்குக் கொண்டுவந்து
அக்காவின் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன், காற்றில்லாமல்.

ஸ்காபரோவிலிருந்து ஷாருகன் எழுதினான்:
"உன்ர டிடெக்டர் சத்தத்தை நடுவில போடு மச்சாள்.
அதுதான் உண்மை. சனம் அழும்."
நான் எழுதினேன்:
அது சம்பளத்துக்குக் கேட்கிற சத்தம்.
அழ விரும்புகிறவர்கள்
ஏழு மணித்தியாலம் வந்து கேட்கட்டும்.
அடித்தளத்துக்கு எங்கள் தண்ணீர்ப் பம்பைப் போட்டேன்,
மிளகாய்க் கன்றுக்கு இறைக்கிறபோது பதிந்தது.
மண்ணெண்ணெய் தீரத் தீர அதுவும்
மூன்று தாளத்துக்கு வந்துவிடுகிறது.

பிறகு பதினேழாவது கட்டம்.
இதை வாசித்துப் பதிந்தவர் பெயர் கோப்பில் இல்லை.
அந்த இடத்தில் மட்டும் அவர் பிந்துகிறார்,
ஒரு நொடியில் பத்தில் ஒன்று.
கோடு தாண்டி நிற்கிறது பச்சைக் கல்.
திருத்த ஒரு பட்டன் இருக்கிறது.
அமத்தினேன்:
எல்லாச் சுரமும் பள்ளிக்கூட வரிசையாய்
கோட்டில் போய் நின்றது.
ஒரு பிழையும் இல்லை.
இரண்டாம் தரம் கேட்க மனம் வரவில்லை.

மீட்டுக்கொண்டேன்.
கண்ணை மூடினால் விளங்குகிறது:
விரல் கட்டைக்கு மேலே வந்துவிட்டது,
இறங்கவில்லை.
ஏனென்று தெரியாது. பக்கம் புரட்டினாரோ,
யாரும் கதவைத் தட்டினார்களோ.
அந்தப் பிந்தலை இழுத்து நீட்டினேன்,
நாலு நொடி, எட்டு நொடி.
அதற்குள்ளே ஒன்றும் வைக்கவில்லை.
பம்பையும் நிறுத்தினேன்.

விடிய ஐந்து மணி, வானில்
ஒரு காதுக் குழாயை ஸ்ரெலாவிடம் கொடுத்தேன்.
இரண்டு நிமிடம் பொறுமையாய் இருந்தாள்.
"எப்பயடி துவங்கும்?"
துவங்கி முடியப்போகுது என்றேன்.
"ஓ," என்றாள்.
ஆனையிறவில் உப்புக்காற்று யன்னலால் வந்தது.
குழாயை அவள் திருப்பித் தரவில்லை.