டூ பிளஸ்

காலை ஏழரைக்கு மெழுகு வெட்டத் தொடங்குகிறேன்.
மூன்று மைக்ரோன்.
சுருண்டு விழுகிற நாடாவை
வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக்
கண்ணாடித் துண்டால் அள்ளுகிறேன்.
மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி,
ஆய்வுகூடம், இரண்டாம் மேசை.
சீட்டில் இருப்பது இவ்வளவுதான்:
சுகிர்தமலர், நாற்பத்தொன்பது, நாசிவன்தீவு, இடது பக்கம்.

பள்ளிக்கூடத்தில் இதைக் கலம் என்றுதான் படித்தோம்.
கலம் என்றால் தோணியும்தான்,
சோதனைக்கு அது வராது என்று விட்டுவிட்டார்கள்.
நுணுக்குக்காட்டிக்குக் குனிந்தால் இப்போது
அந்த அர்த்தம்தான் முந்திக்கொண்டு வருகிறது:
பக்கத்தோடு பக்கம் அணைத்துக் கட்டிய தோணிகள்,
கயிறாகப் புரதம்.
இந்தத் துண்டில்
நடுவில் கயிறு இறுக்கமாய்த்தான் இருக்கிறது.
ஓரத்தில், கொழுப்பு தொடங்கும் இடத்தில்
சாயம் வெளிறிக் கிடக்கிறது.
அங்கே மூன்று கலம். தள்ளி ஒன்று.
இன்னும் தள்ளி ஒன்று.
புயல் ஒன்றும் அடிக்கவில்லை.
கயிறு திரிப்பதை அவையே நிறுத்திவிட்டன.
கமக்கட்டில் எடுத்த பதினொரு கணுவில்
நாலில் போய் ஏற்கெனவே கரைதட்டியிருந்தன.

மறுகா, காது.
காது என்பது என் பேச்சு,
புத்தகம் அதை வாங்கி என்கிறது.
கலத்தின் தோலில் நிற்கும் இன்னொரு புரதம்.
பக்கத்துக் காது கேட்ட சொல்லை வாங்கி
உள்ளே கொண்டுபோய்ச் சொல்லும்: வளர்.
அளவாய் இருந்தால் அதுவும் ஒரு வேலைக்காரிதான்.
மிஞ்சிப் போனால்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு
யாரும் சொல்லாமலே சொல்லத் தொடங்கும்,
வளர், வளர், ராப்பகலாய்.

சாயம் ஊற்றி, கழுவி, பார்க்கிறோம்.
கலத்தைச் சுற்றிக் கடுங்கபில வளையம் என்றால்
த்ரீ பிளஸ், அதற்கென்று மருந்து உண்டு.
சுகிர்தமலருக்கு வந்தது
ஒரே தேயிலையில் இரண்டாம் முறை ஊற்றிய
வெறுந்தேத்தண்ணி நிறம்.
டூ பிளஸ், என்று எழுதினார் டொக்டர் பாஹிமா.
ஓமும் இல்லை. இல்லை என்றும் இல்லை.

யன்னலுக்கு வந்தவர் நேசதுரை, புருசன்.
கையில் நாலாய் மடித்த கிளினிக் கொப்பி.
கொழும்புக்கு அனுப்பவேணும், என்றேன்,
அந்தக் காதைச் செய்யச் சொல்லும் மரபணு
எத்தனை பிரதி என்று எண்ணுவார்கள்,
சோதனைக்குப் பேர் ஃபிஷ்.
'ஃபிஷ்?'
'ஓம்.'
'இருபத்தாறு வருசமாக் கடல்ல நிக்கிறன், மிஸ்.
என்ட பொஞ்சாதிக்கு மீன் பார்க்கக் கொழும்பா?'
சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.
மறுகா இரண்டு பேரும்
தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இருபத்திரண்டு நாள்.
அதிகம், என்றது கடிதம்.

சொல்வது டொக்டரின் வேலை, அவர் சொல்லிவிட்டார்.
இருந்தும் யன்னலுக்கு வந்தார்கள், இந்தமுறை இருவருமாய்.
மூன்று மைக்ரோன் தடிப்பில் மட்டும் நான் அறிந்திருந்தவளுக்கு
முகம் இருந்தது, மூக்குத்தி இருந்தது,
வலது புருவத்தில் பழைய தையல்.
நான் திரும்பவும் சொன்னேன், வேறு வழி தெரியாமல்:
இந்த வகை கெதியாய் வளரும், கெதியாய்ப் பரவும்.
ஆனால் அந்தக் காதைப் பொத்த ஊசி இருக்கு,
மூன்று கிழமைக்கு ஒருக்கா, ஒரு வருசம்.
'கையிருப்பில் இருந்தால்' என்பதை
நாக்கிலேயே வைத்துக்கொண்டேன்.
அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.
'அப்ப இது காது கேக்கிற சாதி.'
'ஓம், அக்கா.'
'நாலு பெத்தன். சொன்னாக் கேக்கிறது ஒண்டுமில்ல.
இதாவது கேக்கட்டும்.'

நேசதுரை வேறு பக்கம் திரும்பி
சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நோட்டீசை
முழுவதும் வாசித்தார்.

'வாழைச்சேனை பஸ் எத்தினைக்கு, பிள்ளை?'
ஐந்தேகால், என்றேன்.
இன்னும் பன்னிரண்டு நிமிசம்.
முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு
அவருக்கு முன்னால் நடந்தாள்,
வேகமாக.