தவணைக்காரன்

கடன் வசூலிக்க நான் போவது சைக்கிளில்.
சிரிக்காதீர்கள்.
ஐம்பத்திரண்டாம் வருஷம், பொந்தெதேரா.
தவணையில் ஸ்கூட்டர் வாங்கிய நாற்பத்தொரு பேர்
என் பேரேட்டில் இருக்கிறார்கள்.
நான் இல்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை
டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டு கிளம்புவேன்.
கொடுக்க வேண்டியவன் பறக்கிறான்,
கேட்க வேண்டியவன் மிதிக்கிறான்,
குடியரசு என்றால் இதுதான் போல
என்பான் பெட்ரோல் ஊற்றும் எலிசேயோ,
எண்ணெயும் பெட்ரோலும் கலந்து மணக்கும் கையால்
என் முதுகில் தட்டி.
அந்த மணம் திங்கள்வரை சட்டையில் இருக்கும்.

தொழிற்சாலையை எனக்கு முன்பே தெரியும்.
போரின்போது அங்கே நாலு எஞ்சின் விமானம் செய்தார்கள்.
இறக்கைக்கு ஆணி அடித்தவர்களில் என் தங்கை தோஸ்காவும் ஒருத்தி.
ஆணிக்கு இத்தனை காசு என்று கூலி.
எங்கே போய் என்ன போட்டுவிட்டு வருகிறது என்று
அவளும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.
பிறகு எங்கள் தலைமேல் கொட்டியது.
மறுபடி கொட்டியது.
மிஞ்சியதை, போகிற போக்கில்,
ஜெர்மன்காரர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகும் என்பார்கள்.
கூரை பிய்ந்த கொட்டகையிலிருந்து
ஒருநாள் வெளியே வந்தது அது,
இடை சிறுத்து, பின்பக்கம் பருத்து,
ரீங்காரத்தோடு.
வெஸ்பா என்றால் எங்கள் பேச்சில் குளவிதான்.
முன்சக்கரத்தை ஒரே பக்கமாகப் பிடித்திருக்கிறதே அந்தத் தண்டு,
அது விமானம் தரையில் ஊன்றும் கால்.
இப்போது அதற்கு
ஊன்ற மட்டும்தான் தெரியும்.

மருத்துவச்சி ஆர்ஜியா ஒரு தவணைகூடத் தப்பியதில்லை.
முன்பெல்லாம் கோவேறு கழுதையில் அவள் போய்ச் சேர்வதற்குள்
பிள்ளை பிறந்து அழுது தூங்கியிருக்கும்.
இப்போது அடுப்படியில் உட்கார்ந்து
அவள் பிள்ளைக்காகக் காத்திருக்கிறாள்.
குவெர்ச்சி சகோதரர்களுக்கு வண்டி ஒன்று, காதலிகள் இரண்டு;
ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு
யார் வண்டி என்பதில் தெரு கூடும்.
பாதிரியாருக்கு அங்கியில் கறை படாத எஞ்சின் பிடித்துப்போயிற்று.
ரசீதுக்கு ஆசீர்வாதம் தருகிறார்,
ஆசீர்வாதம் மட்டும்.
மிலான்காரர்களின் லாம்ப்ரெட்டாதான் உசத்தி என்று
காபிக்கடையில் ஒருவன் சொன்னான்.
இரண்டு கோப்பைகளும் ஒரு பல்லும்.

முப்பதாம் பக்கம்: நீவெஸ் பக்கினி.
சட்டைக்குக் காலர் தைப்பவள்.
வெளிர்பச்சை வண்டி, மூன்று தவணை பாக்கி.
கதவைத் தட்டினால் பூனை வரும்.
ஜூன் மாதம், பெச்சோலி ஏற்றத்தில்
முன்னால் அந்தப் பச்சையைக் கண்டேன்.
மிதித்தேன்.
நாக்கு தள்ள, கால்சட்டை சங்கிலியில் கிழிய,
ஒரு கடன்காரியை இவ்வளவு ஆசையாய்
யாரும் துரத்தியிருக்க மாட்டார்கள்.

திருப்பத்தில் நின்றிருந்தாள்,
எஞ்சின் ஓடிக்கொண்டே.
"காசில்லை," என்றாள். "மூச்சு உங்களுக்கும் இல்லை.
ஏறுங்கள்."
"சைக்கிள்?"
"தோளில் மாட்டுங்கள்."

அப்படித்தான் அந்த மலையில் இறங்கினேன்,
கடனாளி ஓட்ட, தவணைக்காரன் பின்னால்,
என் தோளில் சைக்கிள்,
அதன் சக்கரங்கள் காற்றில் தாமாகச் சுற்ற.
செர்ரி மரங்கள், ஒரு நாய், ஏரா ஆற்றின் பாலம்.
தொப்பி எங்கோ போயிற்று.
திரும்பிப் பார்க்கவா என்று கேட்டாள்,
வேண்டாம் என்றேன்.

அலுவலகத்தில் பேரேட்டைத் திறந்து
முப்பதாம் பக்கத்தில் எழுதினேன்:
வீட்டில் இல்லை.

பொய்யில்லையே.
அந்த நேரம் இருவருமே
வீட்டில் இல்லை.